பெர்னாண்டோங்கற பேருக்குள்ள விசுவாசப் பாடம் இருக்கா? ஒரு வாசகியோட கடிதத்துக்கு பதில்

தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல பிறந்து இப்ப சென்னையில டீச்சரா இருக்குற ஒரு சகோதரி நீளமா எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியாத மாதிரி சுருக்கிச் சொல்றேன்.

அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிஞ்சதும் குடும்பம் மொத்தமும் கூடப்போகுது, அங்க "நம்ம குடும்பமும் விசுவாசமும்"னு ஒரு சின்ன புத்தகம் கொடுக்கணும், பத்து நிமிஷம் பேசவும் செய்யணும், நீதான் டீச்சர் நீயே பாத்துக்கோன்னு அண்ணன்மார் ரெண்டு பேரும் இவங்க தலையில கட்டிட்டாங்க. கையில இருக்குறது அப்பா எழுதி வச்ச ஒரு நோட்டு. அதுல அப்பா பெருமையா மூணு விஷயம் எழுதியிருக்காங்க. நம்ம உடம்புல போர்த்துகீசிய கப்பல் தலைவர் ஒருத்தரோட ரத்தம் ஓடுது, அதனாலதான் நமக்கு பெர்னாண்டோன்னு பேர். நம்ம முதல் தாத்தாவுக்கு புனித சவேரியாரே கைப்பட ஞானஸ்நானம் கொடுத்தார். பெர்னாண்டோன்னா துணிச்சலான பயணின்னு அர்த்தம், அதனால துணிச்சல் நமக்கு கடவுள் கொடுத்த அழைப்பு.

ஆனா நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல வேற கதை இருக்கு. தோணியில தண்டலா, அதாவது தோணித் தலைவரா, கொழும்புக்கு போய்ட்டு வந்த கொள்ளுத்தாத்தா அங்க இன்னொரு குடும்பம் வச்சுக்கிட்டு, ஒரு கட்டத்துல ஊருக்கு வர்றதையே நிறுத்திட்டாராம். கொள்ளுப்பாட்டி கருவாடு வித்து நாலு பிள்ளைகளை வளத்தாங்களாம்.

இதுக்கு நடுவுல இந்த சகோதரிக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சிருக்கு, சின்ன அண்ணன் குடியில விழுந்து கிடக்கார். சென்னையில ஒரு ஜெபக்குழு, இது கொள்ளுத்தாத்தா பாவத்தால வந்த வம்ச சாபம், நாலு தலைமுறைக்கு குடும்ப மரம் வரைஞ்சு ஒவ்வொருத்தர் பாவத்தையும் எழுதிக் கொண்டு வாங்க, விடுதலை ஜெபத்துக்கு 15,000 ரூபாய் காணிக்கைன்னு சொல்லியிருக்காங்க. போதாக்குறைக்கு சித்தப்பா மகன் ஒருத்தர், இது நம்மள ஆண்டவன் வச்ச பேரு, எல்லாரும் தூக்கிப் போட்டுட்டு தமிழ்ப் பேர் வச்சுக்கணும்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சண்டை போட்டுட்டு இருக்காராம். "அப்பா எழுதினதை திருத்தினா அப்பாவை அவமானப்படுத்துற மாதிரி ஆகுமா, கொள்ளுத்தாத்தா கதைய மறைச்சா பொய்யாகுமா, சாபம் நிஜமா இருந்தா நான் என்ன பண்றது"ன்னு கேட்டு முடிச்சிருக்காங்க.

அன்பு சகோதரி,

உங்க கடிதத்துல புத்தகத்தைப் பத்திதான் நிறைய எழுதியிருக்கீங்க, ரெண்டு கரு கலைஞ்சதை ஒரே ஒரு வரியில, அதுவும் அண்ணன் குடிக்கறதோட சேத்து எழுதிட்டு போயிட்டீங்க. அதனால அந்த சாப விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், மத்ததெல்லாம் பிறகு. நான் குடும்ப ஆலோசகர், இறையியல் படிச்ச சாமியார் இல்ல, ஆனா உங்கள மாதிரியே கத்தோலிக்கக் குடும்பத்துல வளந்தவன், அதனால ரெண்டையும் வச்சுதான் பேசுறேன்.

உங்களுக்கு நடந்தது கொள்ளுத்தாத்தாவால இல்ல

கர்ப்பம்னு உறுதியானதுல 100க்கு 10ல இருந்து 20 வரைக்கும் கலைஞ்சிடுது, முதல் மூணு மாசத்துக்குள்ள கலையறதுல பாதிக்கு மேல கரு உருவாகும்போதே குரோமோசோம்ல ஏற்படுற கோளாறுதான் காரணம். இது யார் செஞ்ச பாவத்துக்கும் வர்ற தண்டனை இல்ல, நீங்க ஸ்கூல்ல நின்னுகிட்டே பாடம் எடுத்ததாலயும் இல்ல, வண்டியில போனதாலயும் இல்ல. ரெண்டு தடவை ஆனதால கட்டாயம் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாத்து காரணம் தேடச் சொல்லி கேளுங்க. தைராய்டு, சுகர், கர்ப்பப்பை அமைப்பைப் பாக்குற ஸ்கேன், ரத்தம் உறையுறது சம்பந்தமான டெஸ்ட், தேவைப்பட்டா உங்க ரெண்டு பேருக்கும் குரோமோசோம் டெஸ்ட், இதெல்லாம் இருக்கு. ரெண்டு தடவை இழந்த நிறைய பேருக்கு அடுத்தது நல்லபடியா பிறக்குது. அந்த 15,000 ரூபாய் உங்ககிட்ட இருந்தா இந்த டெஸ்ட்டுக்கு செலவு பண்ணுங்க.

வேதத்துல "தந்தையரின் பாவத்துக்காக மூன்றாம் நான்காம் தலைமுறை வரை"ன்னு இருக்கேன்னு அந்தக் குழு சொல்லியிருப்பாங்க. விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரம், இருக்குதான். ஆனா அதே மூச்சுல ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் காட்டுறதா கடவுள் சொல்ற அடுத்த வரிய ஏன் யாரும் வாசிக்கிறதில்லன்னு எனக்கு ஆதங்கமாவே இருக்கு. இஸ்ரயேல் ஜனங்க பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டு, அப்பன்மார் புளிச்ச திராட்சை தின்னதுக்கு எங்க பல்லு கூசுதேன்னு புலம்பினப்ப, எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க கடவுள் அந்தப் பேச்சை நிறுத்துங்கன்னு சொல்றார், மகன் தந்தையோட குற்றத்தை சுமக்க மாட்டான்னு நேராவே சொல்றார். நீங்க இப்ப நிக்கிறதும் அந்த ஜனங்க நின்ன இடத்துலதான். நம்ம திருச்சபையிலயும் இந்த வம்சாவளி குணமாக்கல்ங்கற பழக்கத்தை போலந்து ஆயர்கள் 2015ல தடுத்தாங்க, ஸ்பெயின் ஆயர்கள் 2024ல இது தப்புன்னு விளக்கமாவே எழுதினாங்க, ஜென்மப் பாவத்தைத் தவிர வேற பாவம் தலைமுறை தலைமுறையா கடத்தப்படுறதுங்கறது நம்ம போதனையில இல்லன்னு. சந்தேகம் இருந்தா உங்க பங்கு சாமியார்கிட்ட கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, குடும்பத்துல எல்லார் பாவத்தையும் பேர் போட்டு எழுதின காகிதத்தை தெரியாத ஆட்கள் கையில கொடுக்கவே கொடுக்காதீங்க. அது உங்க ரகசியம் மட்டும் இல்ல, அண்ணனோடதும் மதினியோடதும் கூட. கொள்ளுத்தாத்தா ஆத்துமாவுக்காக ஒரு பூசை வைக்கணும்னு தோணுச்சுன்னா தாராளமா வைங்க, செத்தவங்களுக்காக வேண்டிக்கிறது நம்ம வழக்கம், அது அன்புல செய்யறது. அவரைப் பாத்து பயந்துகிட்டு செய்யறது வேற.

ஆனா ஒரு உண்மையையும் சொல்லணும், குடும்பத்துல சில விஷயங்கள் நிஜமாவே இறங்கி வரும். குடிப்பழக்கத்துக்கு அடிமையாகுற தன்மையில பாதி அளவுக்கு பரம்பரைக்கு பங்கு இருக்குன்னு இரட்டைக் குழந்தைகளை வச்சு பண்ணின ஆய்வுகள் காட்டுது. சண்டைய பேசித் தீக்காம எந்திரிச்சுப் போயிடுறது, வீட்டுல ஒண்ணு நடந்தா வாயே திறக்காம இருக்குறது, இதெல்லாம் பிள்ளைங்க பாத்துப் பழகிக்கிறது. இதுக்கு பேர் சாபம் இல்ல, சிகிச்சையும் பயிற்சியும் இருக்கு. அண்ணனை ஒரு மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டு போங்க, முதல்ல யார்கிட்ட பேசறதுன்னு தெரியலன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணா தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பல வருஷமா தினமும் குடிக்கிறவர்னா டாக்டர் இல்லாம திடீர்னு நிறுத்தச் சொல்லாதீங்க, வலிப்பு வரைக்கும் கொண்டு போய் விட்டுடும்.

பேரைப் பத்தி அப்பா எழுதினது

இப்ப அப்பாவோட மூணு விஷயத்துக்கு வர்றேன், கொஞ்சம் மனசை தேத்திக்கிட்டு படிங்க.

பேர் இருக்குறதால ரத்தம் இருக்குன்னு சொல்ல முடியாது. முத்துக்குளித்துறையில, அதாவது உங்க தூத்துக்குடி பக்கத்துக் கரையில, 1530கள்ல என்ன நடந்துச்சுன்னா, முத்து எடுக்குற உரிமை யாருக்குன்னு பெரிய மோதல், மீன்பிடிச்சும் முத்துக்குளிச்சும் வாழ்ந்த கரையோர ஜனங்களான பரதவர் பக்கம் அடி தாங்க முடியாம கொச்சிக்கு ஆள் அனுப்பி போர்த்துகீசியர் பாதுகாப்பைக் கேட்டாங்க, 1536, 37 வாக்குல கரையோர ஊர்கள்ல ஆயிரக்கணக்கான பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. அப்ப ஞானத்தகப்பனா நின்ன போர்த்துகீசியர் பேரையோ, கொடுத்த சாமியார் பேரையோ, அவங்க ஆதரவுல இருந்த அதிகாரி பேரையோ எடுத்துக்கிட்டாங்க. அப்படித்தான் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாதோ, மோத்தா, கொரேரா, மிராண்டா எல்லாம் வேம்பார்ல இருந்து மணப்பாடு வரைக்கும் வந்துச்சு, கூடவே வில்லவராயர், பூபாலராயர்னு நம்ம பழைய பட்டங்களும் அப்படியே நின்னுச்சு. உங்க ஊர்ல பெரியவங்க இன்னும் "பர்னாந்து"ன்னுதான் சொல்வாங்கன்னு நினைக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில இதே பேரோட புத்த மதத்துக்காரங்களும் ஏராளமா இருக்காங்க. ஆக இந்தப் பேர் ரத்தத்துக்கும் சாட்சி இல்ல, தனியா விசுவாசத்துக்கும் சாட்சி இல்ல.

சவேரியார் விஷயம். அவர் கோவாவுக்கு வந்ததே 1542 மே மாசம், அந்த வருஷக் கடைசியிலதான் நம்ம கரைக்கு வர்றார். அதாவது கூட்டமா ஞானஸ்நானம் நடந்து அஞ்சாறு வருஷம் கழிச்சு. அவர் வந்தப்புறம் நிறைய குழந்தைகளுக்கு கொடுத்தார், அதனால உங்க வம்சத்துல யாருக்காவது கொடுத்திருக்கவும் செய்யலாம், ஆனா "முதல் தாத்தாவுக்கு"ன்னு உறுதியா எழுத ஆதாரம் வேணும்.

மூணாவது, பேரோட அர்த்தம். இது ஜெர்மானிய மூலத்துல இருந்து வந்த பேர், முதல் பாதிக்கு பயணம்னு சிலரும் சமாதானம்னு சிலரும் பொருள் சொல்றாங்க, இன்னும் முடிவாகல. அதுவும் போக, பேர் கிடைச்ச அன்னைக்கு உங்க முன்னோருக்கு அந்த அர்த்தம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டாங்க. அதுமேல ஒரு பிரசங்கத்தைக் கட்டினா நாளைக்கு காலேஜ் படிக்கிற அண்ணன் மகனே போன்ல தேடிப் பாத்துட்டு கேள்வி கேப்பான், பேர் மேல இருந்த சந்தேகம் விசுவாசத்து மேலயும் போயிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்ப அப்பா தப்பா எழுதினாங்களான்னா, அவங்க கேட்டு வளந்ததை எழுதினாங்க. புத்தகத்துல "அப்பா எங்களுக்கு சொன்னது"ன்னு ஒரு பக்கம் போட்டு அவங்க வார்த்தையிலயே அந்த மூணையும் கொடுங்க, அடுத்த பக்கத்துல "பதிவுகள்ல இருந்து நமக்கு தெரியறது"ன்னு போடுங்க. இதுல அவமானம் எதுவும் இல்ல. முடிஞ்சா ஊருக்குப் போறப்ப பங்கு சாமியார்கிட்ட அனுமதி வாங்கி ஞானஸ்நானப் பதிவேட்டுல கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பேரைத் தேடுங்க, ஞானத்தகப்பன் ஞானத்தாய் பேர்களும் அதுல இருக்கும்.

அப்போ பாடம் எங்க இருக்கு?

நீங்க கேட்ட முக்கியமான கேள்வி இது, பரம்பரையில இருந்து விசுவாசப் பாடம் எடுக்கலாமான்னு. எடுக்கலாம். வேதமே எடுக்குது, ஆனா நாம எடுக்குற மாதிரி இல்ல.

யோசுவா 24ல கடவுள் வம்ச வரலாற்றை ஆரம்பிக்கிறதே, உங்க மூதாதையர் வேற தெய்வங்களை கும்பிட்டாங்கன்னுதான். மத்தேயு முதல் அதிகாரத்துல இயேசுவோட தலைமுறை அட்டவணையில தாமார், ராகாபு, ரூத்து, பேர் கூட சொல்லாம "உரியாவின் மனைவி"ன்னு ஒருத்தர், இவங்களை எல்லாம் விடாம எழுதியிருக்கு. உரியாவின் மனைவின்னு எழுதும்போது தாவீது ராஜா செஞ்ச துரோகமும் சேந்தேதான் அந்த அட்டவணையில உக்காருது. மறைச்சிருக்கலாம், மறைக்கல. பவுல் பிலிப்பியருக்கு எழுதினப்ப தன்னோட பென்யமின் கோத்திரப் பெருமைய எல்லாம் வரிசையா சொல்லிட்டு, கிறிஸ்துவுக்காக இதையெல்லாம் குப்பைன்னு நினைக்கிறேன்னு முடிக்கிறார்.

இதே கண்ணால உங்க கரையோட வரலாற்றைப் பாருங்க. ஆரம்பம் பாதி அரசியல், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, உயிருக்கும் பிழைப்புக்கும் பயந்தவங்க பாதுகாப்பு தேடினாங்க. சவேரியார் வந்து பாத்தப்ப ஜனங்களுக்கு ஜெபம் கூட சரியா தெரியல. அவர் தமிழ் தெரிஞ்சவங்களை வச்சு ஜெபங்களை தமிழ்ல மாத்தி மனப்பாடம் பண்ணி சொல்லிக் கொடுத்தார், நோயாளிங்க கூப்பிட்டப்ப தன்னால எல்லா வீட்டுக்கும் போக முடியாம சின்னப் பிள்ளைகளை அனுப்பி அந்த வீட்டுல ஜெபம் சொல்ல வச்சதை அவரே கடிதத்துல எழுதியிருக்கார். பிறகு அன்றிக்கே அடிகளார்ங்கற போர்த்துகீசிய இயேசு சபை சாமியார் வந்து பல வருஷம் இந்தக் கரையிலயே கிடந்தார், 1578ல கொல்லத்துல அச்சான அவரோட தம்பிரான் வணக்கம்ங்கற ஞானோபதேசப் புத்தகம் தமிழ்ல அச்சேறின முதல் புத்தகங்கள்ல ஒண்ணு, அதுக்கு காசு திரட்டிக் கொடுத்தது இந்தக் கரை ஜனங்கதான். 1658ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சு கத்தோலிக்க சாமியார்களை விரட்டினாங்க. பேரைக் கொடுத்த போர்த்துகீசியன் போயிட்டான், பாதுகாப்பும் போயிடுச்சு, புது ஆட்சிக்காரன் மதத்துக்கு மாறினா லாபம். ஜனங்க மாறல. அந்த நூத்தி இருபது வருஷத்துக்குள்ள வீட்டுக்குள்ள ஏதோ நடந்திருக்கு, பாதுகாப்புக்காக வாங்கினது பாதுகாப்பு போன பிறகும் விட முடியாததா ஆகியிருக்கு. உங்க குடும்பத்துக்குன்னு பாடம் வேணும்னா இங்க இருக்கு, பேர்ல இல்ல.

அதைச் செஞ்சது யாருன்னு பாத்தா பெரும்பாலும் பேர் எழுதப்படாத பொம்பளைங்க. குடும்பப்பேர் அப்பன் வழியிலதான் போகுது, அதனால பேரை வச்சு வம்சத்தைத் தேடினா தாய்மார் எல்லாம் காணாமப் போயிடுவாங்க. உங்களையே எடுத்துக்கோங்க, கல்யாணம் ஆனதும் பெர்னாண்டோ உங்க பேர்ல இருந்து போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, ஆனா நோட்டை எடுத்து வச்சு ராத்திரி ராத்திரியா படிக்கிறது நீங்கதான். பவுல் திமொத்தேயுக்கு எழுதினப்ப உன்கிட்ட இருக்குற விசுவாசம் முதல்ல உன் பாட்டி லோயியிடமும் அம்மா யூனிக்கியிடமும் இருந்துச்சுன்னு சொல்றார், அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. உங்க நோட்டுல கொள்ளுப்பாட்டியைப் பத்தி நாலு வரிதான் இருக்கு, கருவாடு வித்தாங்க, நாலு பிள்ளைய வளத்தாங்க, சாயங்காலம் செபமாலை சொல்லாம யாருக்கும் சோறு போட மாட்டாங்க. என்னைக் கேட்டா அந்த நாலு வரிதான் உங்க புத்தகம். அவங்க பேரைக் கூட அப்பா எழுதலையேன்னு கேட்டிருந்தீங்க, பதிவேட்டுல அதைத்தான் முதல்ல தேடுங்க.

கொள்ளுத்தாத்தாவை எழுதலாமா

எழுதாம விடலாம், முழுசா எழுதலாம், இல்ல ரெண்டே வரியில உண்மையைச் சொல்லிட்டு நகந்துடலாம். முழுசா விட்டா கொள்ளுப்பாட்டி ஏன் தனியா கருவாடு சுமந்தாங்கன்னு யாருக்கும் புரியாது, அவங்க பட்ட பாடும் சேந்து மறைஞ்சிடும். முழுசா எழுதினா சாப்பாட்டுப் பந்தியில அதுதான் பேச்சா இருக்கும், நினைவு நாள் போயிடும். என் அபிப்பிராயம், "தோணியில கொழும்புக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பத்தோட தங்கிட்டார், பிள்ளைகளை பாட்டி தனியா வளத்தாங்க"ன்னு ஒரே வாக்கியம் போதும். குற்றம் சாட்டவும் வேண்டாம், அதுக்கு நியாயம் கற்பிக்கவும் வேண்டாம்.

அதுக்கு முன்னாடி ஊர்ல இருக்குற பெரிய அத்தைகிட்ட தனியா போய் உக்காந்து நோட்டோட கடைசிப் பக்கங்களை வாசிச்சுக் காட்டுங்க. அது அவங்க தாத்தா. அவங்க வேண்டாம்னா இந்த வருஷம் விட்டுடுங்க, அவங்க கண்ணீரைவிட புத்தகம் பெருசில்ல. கொழும்புல இப்ப உயிரோட இருக்குற யாரோட பேரும் போடாதீங்க, அவங்களுக்கு இந்தக் கதை தெரியுமான்னே நமக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் சொத்து கேப்பாங்களோன்னு அண்ணன் பயப்படுறதா எழுதியிருக்கீங்க, அந்தப் பயம் நிஜமா இருந்தா வீட்டுப் பத்திரத்தை ஒரு வக்கீல்கிட்ட காட்டி கேட்டுக்கட்டும், அதுக்காக இல்லாத உறவுன்னு எழுத வேண்டாம்.

ஒண்ணு மட்டும் கவனிச்சேன், அப்பா அந்தக் கடைசிப் பக்கங்களை கிழிச்சுப் போட்டிருக்கலாம். போடல, பெருமைப்பட்டு எழுதின அதே நோட்டுல அதே கையெழுத்துல விட்டுட்டுப் போயிருக்காங்க. அப்பாவை அவமானப்படுத்திடுவேனோன்னு நீங்க பயப்படுறப்ப இதையும் யோசிச்சுப் பாருங்க.

பேரை மாத்தணும்ங்கற தம்பிக்கு

சித்தப்பா மகன் சொல்றதுல கோபம் இருக்கு, அந்தக் கோபத்துக்கு காரணமும் இருக்கு, அடுத்தவன் ஆட்சியோட வந்த பேர்தான் இது. அவர் தன் பேரை மாத்திக்க விரும்பினா அது அவர் உரிமை, தமிழ்நாடு அரசிதழ்ல வெளியிட்டு முறைப்படி மாத்திக்கலாம், பிறகு ஆதார், பாஸ்போர்ட், பேங்க்னு ஒவ்வொண்ணா அலையணும், அதுக்குத் தயாரா இருக்கணும். ஆனா குடும்பம் முழுக்க மாத்தணும்னு கட்டாயப்படுத்த அவருக்கு உரிமை இல்ல, மாத்தவே கூடாதுன்னு அவரைத் தடுக்க மத்தவங்களுக்கும் உரிமை இல்ல. லூக்கா முதல் அதிகாரத்துல எலிசபெத்து பிள்ளைக்கு யோவான்னு பேர் வைக்கணும்னு சொன்னப்ப, உன் உறவுல யாருக்கும் இந்தப் பேர் இல்லையேன்னு சொந்தக்காரங்க எல்லாம் சண்டைக்கு நின்னாங்க, அப்பவே இருந்த சண்டைதான் இது. அவர்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, உவரியில நாம தேடிப் போய் கும்பிடுற பதுவை அந்தோணியாருக்கு லிஸ்பன்ல ஞானஸ்நானத்துல வச்ச பேர் பெர்னாண்டோதான், 1220ல பிரான்சிஸ்கன் சபையில சேந்தப்ப அந்தப் பேரை விட்டுட்டு அந்தோணின்னு வச்சுக்கிட்டார். அதனால வச்சிருக்கிறவங்களும் சங்கடப்பட வேண்டாம், விடுறவரும் துரோகி ஆகிட மாட்டார். வாட்ஸ்அப்ல இதைப் பேசி முடிக்க முடியாது, நேர்ல பாக்குறப்ப பேசுங்க.

நினைவு நாளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. புத்தகம் எட்டுப் பக்கம் வந்தாலே போதும், அது தாமதமானாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. இந்த வாரமே டாக்டர்கிட்ட அப்பாயின்மென்ட் வாங்குங்க, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு போங்க, ரெண்டு பேருக்கும்தான் டெஸ்ட், ரெண்டு பேருக்கும்தான் அந்த இழப்பும். என்ன சொன்னாங்கன்னு முடிஞ்சா எனக்கும் எழுதுங்க.